பனியன் முதலில் ஏறிய கப்பல்

அன்று சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில், கடைசிக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், காவலரை விட்டுவிட்டால், இருந்தவர்கள் நான்கு பேர். மந்தைவெளியிலிருந்து வந்த சேஷாத்ரி மாமா, அவர் மனைவி ஜெயா மாமி, அப்போது நான் வேலை பார்த்த கப்பலின் பயணிகள் சேவைப் பிரிவு மேலாளர் ஸ்டெல்லா மேடம், நான். இல்லாதவர்களில் முதல் ஆள், பயணத்துக்குப் பணம் கட்டி, கடல் தெரிகிற அறையாகப் பார்த்துப் பதிவு செய்த அவர்களுடைய மகள் வித்யா. அவள் சிங்கப்பூரில் இருந்தாள். வித்யாவின் மாமனார் மாமியாரும் இல்லை. அவர்கள் ஒரு மணி நேரம் முன்பே கப்பலில் ஏறி, ஒன்பதாவது தளத்தில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டனும் இல்லை. அவர் இத்தாலிக்காரர், மேலே தன் இடத்தில் இருந்தார். இவர்கள் இருவரும் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஐந்து மணிக்குக் கப்பலை எடுத்துவிடுவார்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள். நான் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வா என்று சிரிக்க வேண்டாம். கப்பலில் ஒன்பது வருடம் இருந்தவன் கால்களைக் கேட்டுப் பாருங்கள், ஓய்வு என்றுதான் சொல்லும். இப்போது தி. நகரில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில், உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் விளக்கக் கூட்டம் நடத்துகிறேன். எதை எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போகக் கூடாது, வாந்தி வந்தால் என்ன செய்வது. சமீபத்தில் ஒரு மாற்றம் வந்தது. எந்த நேரத்தில் கப்பல் ஏறுவது என்பதைப் பயணிகளே கைப்பேசிச் செயலியில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதல் வாரமே மயிலாப்பூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தைக் கேட்டுக் குவிந்தார்கள். "ஏன் அண்ணா இவங்க எல்லாரும் பன்னெண்டுக்கு அப்புறம்னு கேக்கறாங்க?" என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். நான் சுவரில் தொங்கிய தினக் காலண்டரைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அதற்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை.

என் சொந்தக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஊர் ஆதம்பாக்கம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். ஹோட்டல் மேலாண்மையில் டிப்ளமோ முடித்து, கப்பலில் வேலை கிடைத்தது என்று வீட்டில் சொன்னபோது அப்பா யோசித்துவிட்டுக் கேட்டார்: "கப்பல்ல இன்னா வேலைடா?" விருந்தினரை வரவேற்கிற வேலை என்றேன். "அதுக்கு ஒரு படிப்பா? நான் டெய்லி அதான் பண்ணிக்கினு கீறேன். ஏறு ஏறுன்றேன், ஏறுறாங்க." அப்போது எனக்குக் கோபம் வந்தது. வேலையில் சேர்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால், அப்பா சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சியில் தீயை அணைக்கவும், மிதவைச் சட்டை மாட்டவும், எரிச்சல் வரும்போது சிரிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் இரண்டும் ஒரு வாரத்தில் வந்தன. மூன்றாவதற்கு ஒன்பது வருடமும் போதவில்லை.

நம்மூர்க்காரர்கள் கப்பலில் ஏறியவுடன் செய்கிற முதல் காரியம், இடம் பிடிப்பது. நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். காலையில் ஆறு மணிக்கே அதில் கைக்குட்டை, துண்டு, வேட்டி, ஒரு முறை ஒரு செருப்பு. 29சி பேருந்தில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்ட பழக்கம் எங்கே போகும்? முக்கால் மணி நேரம் ஆள் வராவிட்டால் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட வேண்டும் என்பது கப்பலின் விதி. ஒருநாள் அப்படி மடித்து வைத்தேன். அதன் சொந்தக்காரர், திருவான்மியூர்க்காரர், என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, துண்டு இருந்தா ஆள் இருக்கான்னு அர்த்தம். இது கூடத் தெரியாம உன்னையெல்லாம் யாரு தம்பி கப்பல்ல விட்டாங்க?"

இரண்டாவது காரியம், சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோவது. சாப்பாடு இலவசம், எப்போதும் இருக்கும், எங்கேயும் போகாது என்று நான் கூட்டத்தில் மூன்று முறை சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கப்பலில் மறுநாள் காலை பார்த்தால் கைப்பைகளில் பன், வாழைப்பழம், காகிதத்தில் சுற்றிய வெண்ணெய். "ராத்திரி பசிச்சா?" என்பார்கள். ராத்திரியும் சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கும் என்றால், "அது சரி, ஆனா நாங்க தூங்கிடுவோமே" என்பார்கள். தூங்குகிறவருக்கு எப்படிப் பசிக்கும் என்று நான் கேட்பதில்லை. சிரிக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

வாந்தியைப் பற்றி மட்டும் கேலி இல்லாமல் சொல்லிவிடுகிறேன், இது உண்மையாகவே உதவும். அறை பதிவு செய்யும்போது நடுக் கப்பலில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. மேல் தளம் கௌரவம், கீழ்த் தளம் நிம்மதி. தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுக்காமல் வெளியே வந்து தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பாருங்கள். வயிற்றைக் காலியாக விடாதீர்கள். மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பதில் தவறில்லை, ஆனால் ஒரு பழம் போதும். ஒரு கூடை வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் கதைக்கு வேண்டியது. முனையத்துக்குள் நுழைந்ததும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு சீட்டு ஒட்டிவிடுவார்கள். பெட்டி தனி வழியில் போகும், நீங்கள் தனி வழியில் போவீர்கள். சாயங்காலம்தான் அறை வாசலில் சந்திப்பீர்கள். அதனால் மருந்து, கண்ணாடி, மாற்றுத் துணி ஒன்று, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, கற்பூரம், தீப்பெட்டி இருக்கவே கூடாது. இருந்தால் பெட்டியைப் பாதுகாப்பு அறையில் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் போய், உங்கள் கையால் திறந்து, அவர்கள் எதிரில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கப்பலில் தீயைப் போலப் பயம் வேறு எதற்கும் கிடையாது. புயலைக்கூடச் சமாளித்துவிடுவார்கள்.

இப்போது ஸ்டெல்லா மேடம். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் அம்மா, அத்தை, இரண்டு அண்ணன்கள் எல்லோரும் வாத்தியார்கள். இவரும் நான்கு வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத்தான் கப்பலுக்கு வந்தார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பயணி பேசும்போது மணி பார்த்தால் அவமானப்படுத்துவது போல ஆகும், இப்படிக் கட்டினால் கையைக் கட்டிக்கொள்கிற மாதிரி பார்த்துவிடலாம் என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அப்போது நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுப்போம், அதற்குள் திட்டு விழுந்துவிடும். பயணியிடம் "முடியாது" என்ற சொல்லை அவர் சொன்னதில்லை. கேள்விதான் கேட்பார். ஒரு விஷயத்துக்கு ஒரே ஒரு கேள்வி. பதில் வரும்வரை காத்திருப்பார். கத்த வந்தவர்கள் பதில் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

"தம்பி, நாம சொல்லிப் புரியறது ஒரு நாள் நிக்கும். அவங்களா சொல்லிக்கிறது ஊருக்குப் போற வரைக்கும் நிக்கும்" என்பது அவர் எனக்குச் சொன்னது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஐந்து நாள் பயணம், இலங்கை போய்த் திரும்புவது. ஏறும் கதவு நாலேகாலுக்கு மூடும். மாமாவும் மாமியும் இரண்டரைக்கே முனையத்துக்கு வந்துவிட்டார்கள். பெட்டி இரண்டையும் கொடுத்தார்கள். வரிசையில் நின்று, குடியேற்றச் சோதனை முடிந்து, அறை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசிக் கூடத்துக்கு வந்தபோது மணி மூன்றைத் தாண்டிச் சில நிமிடம். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றரைக்குப் போய், "சார், ஏறலாமே" என்றேன்.

"ஏறலாம் ஏறலாம். நாலரைக்கு ஏறலாம்."

"நாலேகாலுக்குக் கதவு மூடிடும் சார்."

"படிச்சேன். பதினோராம் பக்கத்துல போட்டிருக்கு. 'வழக்கமாக'ன்னு போட்டிருக்கு. வழக்கமாகன்னா என்ன அர்த்தம்? எப்பவும்னு அர்த்தம் இல்லை."

மாமா வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்தவர். எங்கள் கம்பெனியின் விதிமுறைப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே பயணி அவராகத்தான் இருக்கும். எழுதியவர்களே படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மாமி பக்கத்தில் உட்காரவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி ஓரமாக நின்றார். அங்கிருந்து பார்த்தால் கப்பலின் வெள்ளைப் பக்கச் சுவர் தெரியும், அடியில் கொஞ்சம் தண்ணீர் தெரியும். என்னைக் கூப்பிட்டார்.

"அம்பி, நீ எந்த ஊர்?"

"ஆதம்பாக்கம் மாமி."

"நான் மந்தைவெளிக்கு வாக்கப்பட்டு முப்பத்தெட்டு வருஷம். பட்டினப்பாக்கம் கடல் நடக்கற தூரம். முழங்காலுக்கு மேல தண்ணி பட்டதில்லை. ரெண்டு தடவை அந்தமானுக்கு டிக்கெட் போட்டா எங்காத்துப் பொண்ணு. முதல் தடவை சந்திராஷ்டமம். ரெண்டாம் தடவை யாரோ தும்மினா."

"யாரு மாமி?"

"நான்தான். ஜலதோஷம்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை. "இது மூணாவது. பொண்ணுக்கு இனிமே என்னைக் கேக்கவே பயம். இந்தக் கதவு சாத்தினா அவ்வளவுதான், அம்பி. இனிமே எனக்குக் கடல் கிடையாது."

அப்போதுதான் இது வேடிக்கை இல்லை என்று எனக்கு உறைத்தது. மாமாவிடம் திரும்பிப் போனேன். ராகு காலத்தைப் பற்றி எனக்கு ஏளனம் எதுவும் கிடையாது. எங்கள் அம்மா குக்கர் வாங்கக்கூடத் தினக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். படிக்கத் தெரியாது, ஆனால் எந்தக் கட்டத்தில் ராகு காலம் இருக்கிறது என்று தெரியும். அதனால் நான் மாமாவிடம் மரியாதையாகவே வாதாடினேன்.

"சார், வீட்டை விட்டு நல்ல நேரத்துலதானே கிளம்பியிருப்பீங்க? பயணம் அப்பவே ஆரம்பிச்சிடுச்சே."

"ஒன்றரைக்கு, குளிகை முடிஞ்சு கிளம்பினேன். அது ஆத்தை விட்டுக் கிளம்பினது. இது கரையை விட்டுக் கிளம்பறது. மந்தைவெளிலேர்ந்து பாரிமுனைக்கு வர்றதும் கடல் தாண்டறதும் ஒண்ணா?"

கைப்பேசியை எடுத்தேன். ராகு காலம் சூரிய உதயத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் என்று எங்கோ படித்த நினைவு. அன்றைய உதயம், அஸ்தமனம் பார்த்து, பகலை எட்டாகப் பங்கிட்டு ஒரு செயலி கணக்குச் சொன்னது. மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். "சார், சரியான கணக்குப்படி ராகு காலம் இன்னிக்கு நாலு பதினாறுக்கே முடிஞ்சிடுது!"

"கதவு எப்போ மூடறது?"

"நாலு பதினஞ்சு."

மாமா என்னைக் கனிவாகப் பார்த்தார். "பாத்தியா? உன் கணக்குலயும் ராகு விடலை."

இதற்குள் மாமியின் கைப்பேசி அடித்தது. சம்பந்தி மாமி. ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி குரல், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "எங்கே இருக்கேள்? போண்டா சுடச்சுடப் போட்டுண்டிருக்கா. தேங்காய்ச் சட்னிகூட இருக்கு. இவர் நாலாவது எடுத்துண்டுட்டார். நான் உங்க ரெண்டு பேருக்கும் நாற்காலில துண்டு போட்டு வச்சிருக்கேன்!"

"வந்துண்டே இருக்கோம்" என்றார் மாமி. மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மாமா கேப்டனிடம் பேச வேண்டும் என்றார். எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தார். இத்தாலி என்றேன். "அப்போ பேசிப் பிரயோஜனமில்லை. அவாளுக்குப் பதிமூணுதான் ஆகாது" என்று விட்டுவிட்டார்.

நாலு மணி ஆவதற்குள் நான் ஸ்டெல்லா மேடத்தைக் கூப்பிட்டுவிட்டேன். பதிவு முடிந்த ஒரு பயணி ஏறாமல் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் அவர் பெயரைச் சொல்லி மூன்று முறை அறிவிப்பு. அதன்பின் அவருடைய அறை அட்டையை முடக்குவது. அதன்பின் முக்கியமானது: ஆள் இல்லாமல் அவர் பெட்டி மட்டும் கப்பலில் போகக் கூடாது. ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அவருடையதைத் தேடி எடுத்துக் கீழே இறக்க வேண்டும். இறக்கும்வரை கப்பல் நகராது. இது பாதுகாப்பு விதி, இதில் "வழக்கமாக" எல்லாம் இல்லை.

மேடம் வந்தார். மாமாவுக்கு வணக்கம் சொன்னார். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் என்றால் நின்றுகொண்டே பேசுவார்கள். அவர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சார், நாலரைக்கு முன்னாடி ஏற மாட்டீங்க. அப்படித்தானே?"

"மாட்டேன்."

"சரி சார்."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. மாமாவுக்கே அது கொஞ்சம் ஏமாற்றம் என்று முகத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டு பக்கத்துக்கு வாதம் தயாராக வைத்திருந்தார். மேடம் என் பக்கம் திரும்பி, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, இவங்க பெட்டி ரெண்டும் எங்க இருக்குன்னு பாரு. இறக்கணும்."

கையிலிருந்த கருவியில் அவர்கள் அறை எண்ணைத் தட்டினேன். பெட்டியின் சீட்டு எந்த இடத்தில், எப்போது கடைசியாக வாசிக்கப்பட்டது என்று அதில் வரும். உரக்கப் படித்தேன். "ஒரு பெட்டி கப்பல்ல ஏறியாச்சு மேடம். ரெண்டு நாப்பத்தஞ்சுக்கு."

கண்ணாடி ஓரத்திலிருந்த மாமி திரும்பினார்.

"என்ன சொன்னே? எத்தனை மணிக்கு?"

"ரெண்டே முக்கால் மாமி."

"ரெண்டே முக்கால்!" மாமி எங்கள் இருவரையும் விட்டுவிட்டு நேராக மாமாவின் முன்னால் வந்து நின்றார். "ஏன்னா, ராகு காலத்துக்கு முன்னாடியே பெட்டி ஏறிடுத்தே! பரஸ்தானம் ஆயிடுத்தே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமி எங்களுக்காக வேகமாகச் சொன்னார். புறப்பட வேண்டிய நேரத்தில் நல்ல வேளை அமையாவிட்டால், முன்கூட்டியே நல்ல நேரம் பார்த்து நம் சாமான் ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். அதற்குப் பெயர் பரஸ்தானம். சாமான் கிளம்பினால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் நாம் எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. "இவர் டில்லிக்கு மாத்தலாகிப் போனப்போ இப்படித்தான், எதிர்வீட்டுல ஒரு பையைக் கொண்டு வச்சார். மறந்து அங்கேயே விட்டுட்டுப் போனார், அது வேற விஷயம்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டை தேடுகிற முகம் வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அவரே நுழைய ஓர் ஓட்டை. "எந்தப் பெட்டி?" என்று கேட்டார்.

நான் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தேன். சொல்லத் தயக்கமாக இருந்தது. "ஏறினது மாமி பெட்டி சார். உங்க பெட்டி பாதுகாப்பு அறையில நிறுத்தியிருக்காங்க. உள்ள ரைஸ் குக்கர், கற்பூரம், தீப்பெட்டின்னு வருது. மூணேகால்லேர்ந்து உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களே?"

"கேட்டேன். அந்த அறை கப்பல் பக்கமா இருக்கு. எழுந்து நாலடி வச்சா அதுவும் புறப்பாடுதானே? நாலரைக்கு மேல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

மாமி கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"அப்போ எனக்குப் பரஸ்தானம் ஆச்சு. உங்களுக்கு ஆகலை. நான் போயிட்டு வரேன்னா."

"ஜெயா!"

"சாம்பார்ப் பொடி மேல் ஷெல்ஃபுல இருக்கு. பால் கார்டு மேஜை மேல இருக்கு. ஐஞ்சு நாள்தான்."

சொன்னவர் நடந்தார். கண்ணாடிக் கதவருகே நின்ற காவலர் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணால் சரி என்றார். மாமி அறை அட்டையைக் கருவியில் காட்டினார், டிங் என்று சத்தம் வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் கப்பலுக்குப் போகிற சாய்வுப் பாலத்தில் கால் வைத்துவிட்டார். மாமா எழுந்து கதவுவரை ஓடி வந்தார். ராகு காலத்தில் நாலடிக்கு மேலேயே வைத்துவிட்டார் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

பாலத்தின் நடுவில் மாமி நின்றார். திரும்பினார். கோபத்தோடு போனவர் முகம் போல இல்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற முகம்.

"ஏன்னா! உங்க ஷேவிங் செட் என் பெட்டியிலதான் இருக்கு! கிரீம் ஒழுகறதுன்னு நீங்கதானே போட்டேள்!"

மாமா ஒரு கணம் பிரகாசித்தார். அடுத்த கணம் இருண்டார். "சவரக் கத்தியைப் போயா பரஸ்தானம் வைப்பா? அபசகுனம்! துணியா இருக்கணும்டீ! வேஷ்டி இல்லையா?"

"வேஷ்டி எல்லாம் உங்க பெட்டியில, குக்கர் மேல!"

"துண்டு?"

"அதுவும் அதுலதான்!"

மணி நாலு பன்னிரண்டு. மேடம் கையைக் கட்டிக்கொண்டார், அதாவது மணி பார்த்தார். காவலர் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். பாலத்தில் மாமி நெற்றியில் விரலை வைத்துத் தன் பெட்டியை மனசுக்குள் அடுக்கு அடுக்காகத் திறந்துகொண்டிருந்தார். பட்டுப் புடவை, மாத்திரை டப்பா, பருப்புப் பொடி, ஊறுகாய்…

"பனியன்!" என்று கத்தினார். "உங்க பனியன் ஒண்ணு இருக்கு! ஆவக்காய் பாட்டில் உடையாம இருக்கச் சுத்தி வச்சிருக்கேன்!"

மாமா தரையைப் பார்த்து யோசித்தார். ஒரு பெரிய கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல இருந்தது. மேடம் ஒரு கேள்வி கேட்டார், ஒன்றே ஒன்று.

"சார், அந்தப் பனியன் உங்களோடதுதானா?"

"என்னோடதுதான்."

"போட்டுக்கிற துணிதானே சார்?"

இது இரண்டாவது கேள்வி. வேலையில் அவர் தன் விதியை மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மாமா தலையை உயர்த்தினார். "துவைச்ச பனியன்" என்றார். வலது காலை முன்னால் எடுத்து வைத்தார்.

பாலத்தில் ஏறும் முன் அவரை நிறுத்த வேண்டியிருந்தது. மேடம் சொன்னார்: "சார், உங்க பெட்டியை நீங்க வந்து திறந்தாத்தான் விடுவாங்க. அந்த அறைக்குப் போய்ட்டு வர நேரம் இல்லை. பெட்டி இங்க பத்திரமா இருக்கும், திரும்பி வர்றப்போ வாங்கிக்கலாம். பெட்டியா சார், கப்பலா?"

மாமா பாலத்தின் நடுவில் நின்ற மாமியைப் பார்த்தார். மாமி கீழே பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கப்பல்" என்றார் மாமா.

டிங். கதவு மூடியது. காவலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இன்னா சார் இது, பனியனுக்கெல்லாமா போர்டிங் பாஸு?"

நானும் மேடமும் பணியாளர் வழியில் ஏறினோம். அடுத்த ஐந்து நாளில் மாமாவைக் கப்பல் முழுக்க எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காரணம், அவர் உடுத்தியிருந்தது. போட்டு வந்த ஒரு பேன்ட், ஒரு வெள்ளைச் சட்டை, ஆவக்காய் எண்ணெய் கசிந்து தோள்பட்டையில் சிவப்பாக வரைபடம் போட்ட ஒரு பனியன், இவ்வளவுதான் அவர் சொத்து. கப்பல் கடையில் வேட்டி விற்பதில்லை. நெஞ்சில் பெரிய நங்கூரம் போட்ட சட்டையும் முழங்கால் தெரிகிற அரைக்கால் சட்டையும்தான் விற்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை அவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது, சம்பந்தி மாமா தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மரியாதைக்காகவா அதிர்ச்சியிலா, தெரியவில்லை. "என்ன ஓய், கப்பலையே வாங்கிட்டீரா?" என்றார். மாமா நேராகப் போய்ப் பொங்கல் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இரவு விருந்துக்குக் கோட்டு இல்லாமல் போக முடியாது, அதை வாடகைக்கு எடுத்தார். வெள்ளைச் சட்டை தினமும் சலவைக்குப் போய் வந்தது. ஆனால் மாமியை நான் எப்போது பார்த்தாலும் மேல் தளத்தின் கம்பி ஓரத்தில்தான் பார்த்தேன். தலைமுடி காற்றில் பறக்க, கடலை மட்டும் பார்த்துக்கொண்டு. ஒருநாள் மாலை பக்கத்தில் மாமாவும் நின்றார், நங்கூரச் சட்டையோடு. "ரொம்ப ஆடறதோ?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. "ஆடட்டுமே" என்றார் மாமி.

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டிய கடைசிக் குறிப்பு இது. கப்பலில் கையில் காசு புழங்காது. கழுத்தில் தொங்குகிற அறை அட்டையை நீட்டினால் போதும், எல்லாம் கிடைக்கும். அது தருகிற சுகத்தில் இலவசம் என்றே நினைத்துவிடுவார்கள். கடைசி நாள் காலையில் கணக்கு வரும். பயணிகளை அதற்குத் தயார் செய்து வையுங்கள்.

சென்னைக் கரை தெரிகிற நேரத்தில் மாமா என் மேஜைக்கு வந்தார். கணக்கை வாங்கி, கண்ணாடி மாட்டி, பேனாவை எடுத்து வரி வரியாகச் சரிபார்த்தார். பழக்கம் விடுமா? நங்கூரச் சட்டை இரண்டு, அரைக்கால் சட்டை ஒன்று, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, கோட்டு வாடகை, சலவை நான்கு முறை, முனையத்தில் பெட்டி வைத்திருந்ததற்கான கட்டணம். எல்லாவற்றுக்கும் ஒரு டிக் போட்டார். கடைசி வரியில் பேனா நின்றது. "இது என்ன, புகைப்படம், சட்டத்தோட? நான் எடுத்துக்கலையே."

"மாமி வாங்கினாங்க சார். அரைக்கால் சட்டையில நீங்க கம்பி ஓரமா நிக்கற படம். சிங்கப்பூருக்கு அனுப்பணும்னு சொன்னாங்க."

மாமா கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை போலும். அதற்கும் ஒரு டிக் போட்டு, கூட்டிப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டார். மொத்தம் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.